ஜப்பானிய டிராம் மாடல்களைச் சேகரிப்பதும் ஓட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய டிராம் மாடல்களைப் பற்றிய பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை அடுக்கி விடை தந்திருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கியதை மறுபடியும் விளக்காமல் அந்த இடத்தை மட்டும் சுட்டியிருப்பதால், புதியவர்கள் மேலிருந்து வரிசையாக வாசிப்பது நல்லது.

இது குழந்தைகள் விளையாடும் ரயில் பொம்மைதானே, பிறகு ஏன் இவ்வளவு விலை?

பொம்மையும் மாடலும் பார்வைக்கு நெருங்கியவை என்றாலும், மாடல் என்பது ஓர் ஊரில் உண்மையில் ஓடிய ஒரு வண்டியின் அளவுகளை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்தது. 12 மீட்டர் நீளமுள்ள ஒரு டிராம் 80 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அந்த எண்பது மில்லிமீட்டருக்குள் மோட்டார், பற்சக்கரங்கள், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் செப்புத் தகடுகள், சில வண்டிகளில் முன்விளக்கு, இருக்கைகள் என எல்லாம் அடங்கியாக வேண்டும். விலையின் பெரும்பகுதி இந்த நுணுக்கத்துக்கே போகிறது.

சன்னல் சட்டத்தின் ஓரத்தில் முடியளவு மெல்லிய வெள்ளிக் கோடு அச்சிடப்பட்டிருப்பதை ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சிறு குழந்தைகளின் கைக்கு இவை ஏற்றவை அல்ல. மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மின்வாங்கியாகக் கூரையில் இருக்கும் சட்டகம் ஒரே அழுத்தத்தில் முறிந்துவிடும். உதிரும் உறுப்புகள் விழுங்கக்கூடிய அளவிலேயே இருக்கும்.

‘என்’ (N) அளவு என்றால் 1/160 என்று படித்தேன், ஜப்பான் பெட்டியில் 1/150 என்று போட்டிருக்கிறதே?

இரண்டும் சரியே. ‘என்’ (N) அளவு என்ற பெயர் தண்டவாளத்தின் இரு கம்பிகளுக்கு இடைப்பட்ட 9 மில்லிமீட்டரைக் குறிக்கிறது. அந்தத் தண்டவாளத்தில் ஓடும் வண்டியின் விகிதம் நாட்டுக்கு நாடு மாறுகிறது: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1/160, பிரிட்டனில் 1/148, ஜப்பானில் 1/150. ஜப்பானிலேயே ஷின்கான்சென் அதிவேக ரயில்களை மட்டும் 1/160 விகிதத்தில் செய்வது வழக்கம். டிராம்கள் எல்லாம் 1/150 என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே வீடு, பேருந்து, மனித உருவங்கள் ஆகியவற்றை வாங்கும்போதும் பெட்டியில் 1/150 இருக்கிறதா என்று பாருங்கள். சற்றுப் பெரிதாக வேண்டுவோருக்கு 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் 1/80 விகித டிராம்களும் உண்டு. அவை அழகானவை, ஆனால் விலையும் இடமும் பல மடங்கு கேட்கும். தொடங்குபவர்களுக்கு நான் 1/150 தவிர வேறொன்றைச் சொல்வதில்லை.

எந்த வண்டியில் தொடங்குவது? பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் ஊர் டிராமுக்கும் தனி வண்ணம், தனி வரலாறு, தனித் தெரு அமைப்பு இருப்பதால், ஊரை முடிவு செய்துவிட்டால் எந்த வண்டி, எந்தக் கட்டடம், எந்தப் பேருந்து என்பதெல்லாம் தாமாகவே முடிவாகிவிடும். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கியவர்களின் அலமாரியில் வண்டிகள் நிறைய இருந்தும் அவற்றை இணைக்கும் ஒரு தெரு இல்லாமல் போகிறது.

சேகரிப்பவர்களுக்கு ஹிரோஷிமாவைப் போல் அள்ளித் தரும் ஊர் வேறில்லை. அங்கே 1912 முதல் டிராம் ஓடுகிறது. 1945 ஆகஸ்ட் 6 அணுகுண்டு வீச்சுக்குப் பின் மூன்றாம் நாளிலேயே ஒரு சிறு பகுதியில் மீண்டும் வண்டி ஓடியது. அந்தக் குண்டுவீச்சைக் கடந்து வந்த 650 வரிசை வண்டிகளில் 651, 652 ஆகியவை அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பயணிகளைச் சுமந்திருக்கின்றன. ஒசாகா, கோபே, கியோட்டோ நகரங்கள் தம் நகராட்சி டிராம்களை மூடியபோது, அவற்றின் வண்டிகள் பலவற்றை ஹிரோஷிமா வாங்கிப் பழைய வண்ணத்திலேயே ஓட்டியது. ஜெர்மனியில் செய்து 1999-இல் வந்த கிரீன் மூவர் முதல் ஜப்பானிலேயே செய்த புதிய தாழ்தள வண்டிகள் (படி ஏறாமல் நுழையும்படி தளம் தாழ்ந்தவை) வரை இன்றைய தலைமுறையும் அங்கே உண்டு. ஒரே தெருவில் எழுபது எண்பது ஆண்டு வேறுபாடுள்ள இரு வண்டிகளை அடுத்தடுத்து நிறுத்தினாலும் அது கற்பனை ஆகாது.

ஒற்றைத் தடத்தின் எளிமையை விரும்புவோர் டோக்கியோவில் மினோவாபாஷி முதல் வசேடா வரை 12.2 கிலோமீட்டர் ஓடும் அரக்கவா தடத்தையோ, 5 கிலோமீட்டர் மட்டுமே உள்ள செட்டகாயா தடத்தையோ எடுத்துக்கொள்ளலாம். புதுமை பிடித்தவர்களுக்கு 2006-இல் தொடங்கிய தொயாமா போர்ட்ராமும், 2023 ஆகஸ்டில் தொடங்கிய உட்சுனோமியா லைட்லைனும் இருக்கின்றன. போர்ட்ராம் தொடங்கியபோது ஏழு வண்டிகளுக்கும் ஏழு வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஏழையும் சேர்க்கும் ஆசை பலரைப் பிடித்திருக்கிறது. பழமை வேண்டுமெனில் ஜப்பானின் முதல் மின்சாரத் தெரு டிராம் ஓடிய கியோட்டோ. அது 1895, சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான் என்பது நம்மில் பலருக்குக் கூடுதல் பற்றைத் தருகிறது.

காட்டோ, டோமிடெக், மோடெமோ: யாருடையதை வாங்கினால் நல்லது?

மூன்றும் ஜப்பானிய மாடல் தயாரிப்புப் பெயர்கள், ஆனால் மூன்றும் மூன்று வகை. காட்டோ வண்டிகள் பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தவுடன் ஓடும். ஓட்டம் மென்மையாக இருக்கும். போர்ட்ராம், தொயாமாவின் சென்ட்ராம், ஹிரோஷிமாவின் கிரீன் மூவர் லெக்ஸ், உட்சுனோமியா லைட்லைன் என்று பெரும்பாலும் புதிய தாழ்தள வண்டிகளையே அது செய்திருக்கிறது. டோமிடெக் நிறுவனத்தின் டெட்சுடோ கலெக்‌ஷன் 2005-இல் தொடங்கியது; விலை குறைவு, வகை மிகுதி, பழைய ஊர் வண்டிகள் ஏராளம். ஆனால் அவை அடிப்படையில் காட்சிக்கு வைக்கும் மாடல்கள். அடுத்த கேள்வியில் இதை விளக்கியிருக்கிறேன்.

மோடெமோ, பிளாஸ்டிக் மாடல்களுக்குப் பெயர்பெற்ற ஹசேகவாவின் ரயில் பிரிவு. டிராம்களை முதன்மையாகக் கொண்டு அரக்கவா, செட்டகாயா, எனோஷிமா, ஹிரோஷிமா வண்டிகளை மோட்டாருடன் செய்தது. இன்று அவற்றைப் பெரும்பாலும் பழைய சரக்காகவே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதல் வண்டி காட்டோவாகவும், இரண்டாம் வண்டி டோமிடெக்காகவும் இருக்கட்டும் என்பதே என் கருத்து. முதலாவது ஓட்டம் என்றால் என்ன என்று காட்டும்; இரண்டாவது, கையால் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுக்கும்.

டோமிடெக் டிராம் வாங்கினேன், தண்டவாளத்தில் வைத்தால் அசையவே இல்லை. பழுதான வண்டியா?

பழுதில்லை, அதற்குள் மோட்டார் இல்லை. டெட்சுடோ கலெக்‌ஷன் வண்டிகளை ஓட்ட வேண்டுமெனில் அதற்கான மோட்டார் அடித்தளத்தைத் தனியாக வாங்கி, காட்சிக்கான அடித்தளத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்த வேண்டும். பெட்டியின் பின்புறத்திலோ உள்ளிருக்கும் தாளிலோ எந்த எண்ணுள்ள மோட்டார் அடித்தளம் பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை அப்படியே பின்பற்றுங்கள். நீளம் ஒன்றாகத் தெரிந்தாலும் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மாறினால் வண்டியின் தோற்றமே கெட்டுவிடும்.

பொருத்தும்போது வண்டியின் பக்கச் சுவர்களை இரு கட்டைவிரல் நகங்களால் மெல்ல வெளிப்புறமாக விரித்தால், உள்ளே உள்ள சிறு கொக்கிகள் விடுபட்டு அடித்தளம் கீழே இறங்கும். திருப்புளி போன்ற எதையும் உள்ளே நுழைக்க வேண்டாம், வண்ணம் உரிந்துவிடும். பழைய சக்கரச் சட்டங்களின் பக்கத் தகடுகளைப் புதிய அடித்தளத்துக்கு மாற்ற வேண்டிய வண்டிகளும் உண்டு. கழற்றியவற்றையெல்லாம் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

ஜப்பானிலிருந்து வந்த பவர்பேக்கை நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகலாமா?

செருகக் கூடாது. பவர்பேக் என்பது தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்து வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி; அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் தருவது அடாப்டர். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். ஜப்பானிய அடாப்டரில் உள்ளீடு 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றும் துண்டை வைத்துச் செருகுவது அதை எரித்துவிடும். தீ விபத்துக்கும் இடம் கொடுக்கும். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் மட்டுமே வடிவம் மாற்றும் துண்டு போதும்.

முதல் வகைக்கு இரண்டு வழிகள் உண்டு. 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் தரமான மின்மாற்றி ஒன்றை வாங்கலாம். அல்லது அடாப்டர் வெளியிடும் அதே வோல்ட், அதே மின்முனை வரிசை, அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள உள்ளூர் அடாப்டரை மாற்றிக்கொள்ளலாம். மின்முனை வரிசை என்பது முனையின் நடுப்பகுதி நேரா எதிரா என்பதைக் காட்டும் சிறு படம். அடாப்டரின் முதுகிலேயே இருக்கும். தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரம் அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்னோட்டமே என்பதால் அங்கே தொடுவதில் ஆபத்தில்லை. கவனம் முழுவதும் சுவருக்கும் பவர்பேக்குக்கும் இடையிலேயே வேண்டும்.

எவ்வளவு இடம் தேவை? எங்கள் வீட்டில் ஒரு சிறு மேசைதான் இருக்கிறது.

சிறு மேசையே போதும். டிராமின் தனிச் சிறப்பே அதுதான். ‘என்’ (N) அளவின் வழக்கமான ரயில் வளைவுகள் 280 மில்லிமீட்டர் ஆரத்தை ஒட்டியவை; ஒரு சுற்றுக்கே அறுபது சென்டிமீட்டர் அகலம் கேட்கும். டிராமுக்கென்றோ டோமிடெக் நிறுவனத்தின் டோமிக்ஸ் வகைச் சிறு வளைவுகள் 103, 140, 177 மில்லிமீட்டர் ஆரங்களில் கிடைக்கின்றன. 103 ஆர வளைவால் ஆன முட்டை வடிவச் சுற்று ஓர் ஏ3 தாளின் மேல் அடங்கிவிடும். 140 ஆரத்துக்கும் 177 ஆரத்துக்கும் இருவழிப் பாதை போட நாற்பது சென்டிமீட்டர் அகலப் பலகை போதும்.

இவ்வளவு இறுக்கமான வளைவு உண்மையில் இருக்குமா என்ற கேள்வி உடனே வரும். டோயோஹாஷி நகரில் இஹாரா நிறுத்தத்தை ஒட்டிய வளைவின் ஆரம் 11 மீட்டர். ஜப்பானில் அதைவிட இறுக்கமான வளைவு கிடையாது. அதை 150-ஆல் வகுத்தால் 73 மில்லிமீட்டர். அதாவது மேலே சொன்ன 103 மில்லிமீட்டர் வளைவுகூட அந்த உண்மை வளைவைவிடத் தாராளமானது. ஆனால் அந்த ஊரின் நீளமான தாழ்தள வண்டி அந்த வளைவுள்ள கிளைத் தடத்துக்குள் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாடலிலும் இதே கதைதான்: ஒற்றைப் பெட்டி வண்டிகள் பெரும்பாலும் சிறு வளைவில் திரும்பும், பல பிரிவுகள் இணைந்த நீண்ட வண்டிகள் சக்கரம் ஏறி இறங்கக்கூடும். பலகையை அறுப்பதற்கு முன் வண்டியின் பெட்டியில் குறைந்தபட்ச ஆரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தெருவில் பதிந்த தண்டவாளம் வேண்டும். யூனிட்ராம் வாங்குவதா, வைடு டிராம் ரயிலா?

காட்டோவின் யூனிட்ராம், தார்ச்சாலைத் தோற்றமும் நடைபாதையும் சேர்ந்தே வரும் பலகை வகை. இருவழிப் பாதையின் நடுக்கோடுகளுக்கு இடையே 25 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் தெரு நெருக்கமாக, உண்மைக்கு அருகில் தோன்றும். அதன் வளைவுகள் 155, 180 என்று 25 வேறுபாட்டில் அமைந்தவை. டோமிக்ஸின் வைடு டிராம் ரயிலில் இந்த இடைவெளி 37. முந்தைய விடையில் சொன்ன டோமிக்ஸ் வளைவுகளின் ஆரங்களும் 37, 37 ஆகவே கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். இவ்விரு குடும்பங்களும் இணைப்புத் துண்டு இல்லாமல் ஒன்றோடொன்று சேரா, இடைவெளியும் ஒத்துவராது. எனவே தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

தெருவோடு மட்டும் நிற்பவர்களுக்கு யூனிட்ராம். தெருவிலிருந்து விலகித் தனிப்பாதையிலும், மலையோரத்திலும், வீடுகளின் கொல்லைப்புறத்திலும் ஓட விரும்புவோருக்கு டோமிக்ஸ் கூடுதல் வாய்ப்புத் தரும். ஜப்பானில் வாகனங்கள் நம்மைப் போலவே இடப்பக்கம் செல்கின்றன, டிராமும் அப்படியே. கார்களையும் பேருந்துகளையும் ஒட்டும்போது இதை மறந்தால் தெரு முழுவதும் தவறாகத் தெரியும்.

மெதுவாக ஓட்டினால் நின்று நின்று போகிறது, கையால் தள்ள வேண்டியிருக்கிறது. மோட்டார் வீக்கா?

பெரும்பாலும் மோட்டாரில் குறையில்லை, அழுக்குதான் காரணம். நீண்ட ரயிலின் எஞ்சின் பல சக்கரங்களால் மின்சாரம் எடுக்கிறது. டிராமுக்கு இருப்பதோ நான்கு அல்லது எட்டுச் சிறு சக்கரங்கள். அவற்றில் இரண்டு கறுத்துப்போனாலே ஓட்டம் திக்கும். அடுப்படிப் புகையும் கடலோரக் காற்றும் உள்ள வீடுகளில் தண்டவாளம் வெகு விரைவில் மங்கும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியை விரலில் சுற்றித் தண்டவாளத்தின் தலைப்பகுதியில் ஒரே திசையில் துடையுங்கள். துணியில் கருங்கோடு விழாமல் வரும்வரை துணியை மாற்றுங்கள். சக்கரங்களுக்கு வேறு முறை: தண்டவாளத்தின் குறுக்கே ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தாளை விரித்து, வண்டியின் ஒரு முனைச் சக்கரங்களைத் தாளின் மேலும் மறுமுனைச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, வண்டியை விரலால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். மோட்டாரோடு சேர்ந்த சக்கரங்கள் தாளின் மேல் சுழன்று, இரண்டு கறுப்புத் தழும்புகளை விட்டுச்செல்லும். பிறகு வண்டியைத் திருப்பி வையுங்கள். மோட்டார் இணைப்பில்லாத சக்கரங்களைப் பஞ்சுக் குச்சியால் கையாலேயே துடைக்க வேண்டும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். யூனிட்ராம் போல் பதிந்த தண்டவாளத்தில் சக்கர விளிம்பு ஓடும் பள்ளத்தில் நூலும் முடியும் சேரும். பழைய பல்தூரிகையால் அதையும் எடுத்துவிடுங்கள்.

எந்த வேகத்தில் ஓட்டினால் நிஜம் போல் இருக்கும்?

ஏறக்குறைய எல்லாரும் ஓட்டுவதைவிட மெதுவாக. ஜப்பானில் தெருவில் ஓடும் டிராமுக்கு விதிப்படி உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். அதை 1/150 ஆக்கினால் வண்டி ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்கப் பதின்மூன்றரை விநாடி எடுக்க வேண்டும். நிறுத்தத்தை நெருங்கும் 20 கிலோமீட்டர் வேகத்தில் அதே மீட்டருக்கு 27 விநாடி. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மீட்டருக்கு இரு புள்ளிகள் வைத்து, கைப்பேசியின் நிறுத்துகடிகாரத்தால் அளந்து, பவர்பேக்கின் குமிழில் அந்த இடத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் வண்டி திக்கினால் மேலுள்ள துடைக்கும் முறைக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

விதிகளில் இன்னொன்றும் மாடலுக்கு உதவும். தெருப்பாதையில் வண்டியின் நீளம் பொதுவாக 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சிறப்பு அனுமதி பெற்ற தடங்கள் சில மட்டுமே விலக்கு. 30 மீட்டர் என்பது 200 மில்லிமீட்டர். நிறுத்த மேடையை அந்த நீளத்துக்குச் செய்துவிட்டால் ஏறக்குறைய எந்த ஊர் டிராமும் அதில் நிற்கும்.

இரண்டு டிராம்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. தனித்தனியாக ஓட்ட டிஜிட்டல் போட வேண்டுமா?

டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு சிறு மின்சுற்றுத் துண்டை வைக்க வேண்டும். எண்பது மில்லிமீட்டர் டிராமில் அதற்கு இடம் காண்பதே கடினம். ஜப்பானிய ரசிகர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண நேர்மின்னோட்ட முறையிலேயே ஓட்டுகிறார்கள். அதற்குத் துணையாக இருப்பது பாயின்ட், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டியை ஏதாவது ஒரு பக்கம் திருப்பிவிடும் தண்டவாளத் துண்டு. பல ஜப்பானிய பாயின்ட்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றனவோ அந்தப் பாதைக்கு மட்டும் மின்சாரம் அனுப்பும்படி அமைந்தவை. மற்றப் பாதையில் நிற்கும் வண்டி தானாகவே அசையாமல் காத்திருக்கும்.

ஒரு நேர்ப்பாதையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பாயின்ட் வைத்து, ஒவ்வொரு முனையையும் இரண்டு தடங்களாகப் பிரியுங்கள். மொத்தம் நான்கு தடங்கள். அவற்றில் மூன்று வண்டிகளை நிறுத்துங்கள். ஒரு வண்டி காலியான தடத்துக்கு வந்து சேர்ந்ததும், எதிர் முனையில் ஓர் இடம் காலியாகியிருக்கும். இங்கே காத்திருந்த வண்டி அங்கே புறப்படலாம். இரண்டு பாயின்ட், ஒரே பவர்பேக், மூன்று வண்டி. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதைவிட இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் இதில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புறப்பாடும் ஒரு சேர்தலும் இருக்கின்றன.

வண்டி திரும்பி வர, முனையில் வளையம் போட்டேன். பவர்பேக் உடனே நின்றுவிடுகிறது, ஏன்?

வளையத்தைச் சுற்றி அதே பாதையில் சேரும் இடத்தில் இடக் கம்பியும் வலக் கம்பியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை. குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாகிறது, பாதுகாப்புக்காகப் பவர்பேக் அணைந்துகொள்கிறது. காப்பிட்ட இணைப்புகளையும் முனைமாற்றும் சொடுக்கியையும் வைத்து இதைத் தீர்க்கலாம். ஆனால் ஜப்பானிய டிராமுக்கு வளையமே தேவையில்லை. இரு முனையிலும் ஓட்டுநர் இருக்கை கொண்ட வண்டிகள் அவை. முனைக்கு வந்ததும் ஓட்டுநர் மறுபக்கம் நடந்துபோய் வண்டியைத் திருப்பி எடுக்கிறார். வளையம் ஐரோப்பிய வழக்கம். மேலே சொன்ன இருதட முனையே ஜப்பானுக்குப் பொருத்தமானது.

தண்டவாளம் அகலமாக இருக்கிறது, இது உண்மையான விகிதம் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். சரியா?

ஊரைப் பொறுத்து அவர் சொல்வது சரி, தவறு இரண்டும். 9 மில்லிமீட்டரை 150-ஆல் பெருக்கினால் 1,350 மில்லிமீட்டர். ஜப்பானிய டிராம்களோ மூன்று வெவ்வேறு அகலப் பாதைகளில் ஓடுகின்றன. ஹிரோஷிமா, நாகசாகி, குமமோட்டோ, ககோஷிமா ஆகியவை 1,435. தொயாமா, உட்சுனோமியா, மட்சுயாமா, கோச்சி, ஒகயாமா, டோயோஹாஷி, சப்போரோ ஆகியவை 1,067. அரக்கவா, செட்டகாயா, ஹகோடாட்டே ஆகியவை 1,372. கடைசி அகலம் 1882-இல் டோக்கியோவில் ஓடத் தொடங்கிய குதிரை டிராமிலிருந்து வந்தது.

1,372-ஐ வகுத்தால் 9.15 மில்லிமீட்டர், 1,435-க்கு 9.57. முதலாவது ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது, இரண்டாவதன் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 1,067-க்கு 7.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதால், தொயாமா வண்டியை நேர்முன்னே கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் கால்களைச் சற்று அகட்டி நிற்பது போல் தோன்றும். பக்கவாட்டில் இது தெரியாது. பாவாடை போல் சக்கரத்தை மூடிய தாழ்தள வண்டிகளில் இன்னும் மறைந்துபோகும். விகிதத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் அரக்கவாவையோ செட்டகாயாவையோ எடுத்துக்கொண்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மேலே மின்கம்பி கட்ட வேண்டுமா?

மாடல் வண்டி தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுப்பதால் ஓட்டத்துக்குத் தேவையில்லை. இந்த அளவில் கம்பி கட்டினால் தையல் நூல்கூடத் தடிமனாகத் தெரியும். துடைக்கும்போதும் கை பட்டு அறும். கம்பங்களை மட்டும் நட்டுவிடுங்கள். மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

எண்ணும் ஊர்ப்பலகையும் இல்லாமல் வண்டி வெறுமையாக வந்திருக்கிறது. எப்படி ஒட்டுவது?

சில வண்டிகளில் எண்களை வாங்குபவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று தேய்த்துப் பதிக்கும் எழுத்துகளாகவும், சேருமிடப் பலகையை ஒட்டுத்தாளாகவும் கொடுப்பார்கள். எழுத்துத் தாளிலிருந்து தேவையான எண்ணை மட்டும் தனித்துண்டாக வெட்டி, உரிய இடத்தில் பசைநாடாவால் நிலைநிறுத்தி, மழுங்கிய பென்சில் முனையால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். எழுத்தின் நிறம் தாளின் பின்னிருந்து சற்று வெளிறும் கணமே அது இறங்கிவிட்டதற்கு அடையாளம். வியர்க்கும் கையோடு இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எந்த எண்ணைப் பதிப்பது என்பதில் அவசரம் கூடாது. ஒரே வரிசையில் உள்ள வண்டிகளுக்குள்ளேயே விளக்கு, சன்னல், குளிர்சாதனப் பெட்டி ஆகியவை மாறுபடும். நீங்கள் பதிக்கும் எண்ணுள்ள உண்மை வண்டியின் படத்தைப் பார்த்து, மாடலின் கூரை அதனோடு ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடையில் தேடினால் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். இந்த வண்டிகள் எங்கேதான் கிடைக்கும்?

ஜப்பானிய நிறுவனங்கள் ஒரு வண்டியை ஒரு தொகுதியாகச் செய்து விற்றுவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் செய்வார்கள் அல்லது செய்யாமலே விடுவார்கள். ஆகவே அறிவிப்பு வந்தவுடன் முன்பதிவு செய்வதே பாதுகாப்பான வழி. தவறவிட்டவர்களுக்குப் பழைய மாடல் கடைகள் உண்டு. டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் மட்டுமே பல கடைகள் இருக்கின்றன, சில வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. டிராம் இயக்கும் நிறுவனங்களே தம் ஊரில் மட்டும் விற்கும் தனிப் பதிப்புகளும் டெட்சுடோ கலெக்‌ஷனில் உண்டு. அவை ஒருமுறை தீர்ந்தால் கைமாறித்தான் கிடைக்கும்.

இந்தியாவுக்கு வரவழைக்கும்போது சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து பொருளின் விலையை நன்றாகவே உயர்த்திவிடும். ஆர்டர் கொடுப்பதற்கு முன் கூரியர் நிறுவனத்திடம் தற்போதைய வரியைக் கேட்டு, மொத்தத் தொகையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானுக்குப் போய்வரும் உறவினர் இருந்தால், கையோடு எடுத்துவரும் அளவுக்கு இவை சிறியவை.

எங்கள் ஊரில் ஈரக்காற்று அதிகம். அலமாரியில் வைத்தால் கெட்டுப்போகுமா?

பிளாஸ்டிக் உடலுக்கு ஈரத்தைவிட வெயிலே பகை. சன்னலோரம் வைத்த வெள்ளை வண்டி மஞ்சளாகும், சிவப்பு வண்டி வெளிறும். ஈரம் கெடுப்பது உலோகப் பகுதிகளை: சக்கரம், செப்புத் தகடு, மோட்டாரின் தொடுமுனை. மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவை நிறம் மாறும்போது மாற்றிவிடுங்கள். சில வண்டிகளின் ஓரிரு சக்கரங்களில் பிடிப்புக்காக ரப்பர் வளையம் இருக்கும். அது காலப்போக்கில் இறுகி வெடிக்கும், மாற்று வளையங்கள் கிடைக்கின்றன. பழைய பெட்டிகளின் நுரைப்பஞ்சு பொடிந்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வண்டிக்கும் பஞ்சுக்கும் இடையே மெல்லிய தாள் ஒன்றைச் சுற்றி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வப்போது எடுத்து ஓட்டுங்கள். நெடுநாள் நின்ற வண்டியின் பற்சக்கர எண்ணெய் கெட்டியாகிவிடும்.

பிறகு விற்றால் லாபம் கிடைக்குமா?

சில வண்டிகளின் விலை ஏறியிருக்கிறது; ஆனால் அதே வண்டி மறுபடியும் தயாரிப்புக்கு வந்தால் பழையதன் விலை சட்டென்று இறங்கிவிடுகிறது. எது எப்போது மீண்டும் வரும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லாததால், லாபத்துக்காக இதில் பணம் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கியோட்டோ டிராமையும் தாழ்தள டிராமையும் ஒரே தெருவில் ஓட்டினால் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்களா?

கியோட்டோத் தெருவாக அமைத்தால் பொருந்தாது. கியோட்டோ நகராட்சி டிராம் 1978 செப்டம்பர் 30 அன்று நின்றுபோனது. தாழ்தள டிராம் ஜப்பானுக்கு வந்ததே 1997-இல், குமமோட்டோவில். ஆனால் அதே தெருவை ஹிரோஷிமா ஆக்கிவிட்டால் முழுக்கப் பொருந்தும். கியோட்டோவின் 1900 வரிசை வண்டிகள் அங்கே போய், கியோட்டோவை நினைவூட்டும் ஹிகாஷியாமா போன்ற பெயர்களைத் தாங்கி, பழைய பச்சை, பாலேட்டு வண்ணத்திலேயே தாழ்தள வண்டிகளுக்கு முன்னும் பின்னும் ஓடியிருக்கின்றன. ஜெர்மனியின் ஹனோவர் நகரம் அன்பளிப்பாகக் கொடுத்த பழைய வண்டி ஒன்றும் அதே ஊரில் இருக்கிறது.

ஒரே வண்டியை இரண்டு ஊருக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேற்றூருக்குப் போன வண்டிகளில் எண், கூரையின் மின்வாங்கி, குளிர்சாதனப் பெட்டி, சேருமிடப் பலகை ஆகியவை மாறியிருக்கும். கியோட்டோ காலத்து மாடலை அப்படியே ஹிரோஷிமாவில் ஓட்டினால் கூரை காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியில் வண்டியின் பெயருக்கு முன் எந்த இயக்க நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஐயம் இருந்தால், எண் பதிப்பதைப் பற்றிய விடையில் சொன்னபடி உண்மை வண்டியின் கூரைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.